அழகாக இரு என்று யார் சொன்னது? தோற்ற அழுத்தம் பற்றி ஓர் எளிய அறிமுகம்

பெண் குழந்தை பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, பார்க்க வந்த பாட்டிகளில் யாராவது ஒருவர் துணியை விலக்கி அதன் காது மடலைப் பார்ப்பார். பிறந்த குழந்தைகள் எல்லாமே சிவப்பாகத்தான் தெரியும், காது மடல் நுனியில் என்ன நிறம் இருக்கிறதோ அதுதான் பின்னால் நிற்கும் என்பது நம் ஊர்க் கணக்கு. ஆண் குழந்தைக்கும் பார்ப்பார்கள்தான், ஆனால் பெண் என்றால் பார்த்துவிட்டுச் சொல்கிற சொல்லில் ஒரு கவலை ஒட்டிக்கொள்ளும்: "அப்பா நிறம்தான் வரும் போலிருக்கே." அதற்கும் முன்னாடி, வயிற்றில் இருக்கும்போதே, குழந்தை சிவப்பாகப் பிறக்க வேண்டும் என்று அம்மாவுக்குக் குங்குமப்பூ போட்ட பால் கொடுத்தாயிற்று. குங்குமப்பூவுக்கும் நிறத்துக்கும் ஒரு தொடர்பும் கிடையாது, அது பெற்றோரின் மரபணுக்களில் இருந்து வருவது. ஆனாலும் கொடுக்கிறோம். குழந்தை இன்னும் கண்ணைச் சரியாகத் திறக்கவில்லை, அதற்குள் அதன் தோற்றத்துக்கு முதல் மதிப்பெண் போட்டாகிவிட்டது.

சரி, இதைத் தோற்ற அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். பெண்களும், பெண்தன்மையோடு வாழ்கிற மற்றவர்களும் தங்கள் முகம், நிறம், முடி, எடை, உடை எல்லாவற்றையும் எந்நேரமும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சுற்றியிருப்பவர்கள் எதிர்பார்ப்பது அதன் ஒரு பாதி. அந்த எதிர்பார்ப்புக்கு ஒத்துப்போகாவிட்டால் ஏதோ ஒரு விதத்தில் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருப்பது இன்னொரு பாதி. இந்த இரண்டாவது பாதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், அதனால்தான் இதைப் பற்றி வாயைத் திறந்ததுமே "அப்போ அழகுபடுத்திக்கிறது தப்பா?" என்று கேள்வி வந்து நிற்கிறது.

தப்பே இல்லை. எனக்கு மல்லிகைப்பூ என்றால் உயிர், கண்ணுக்கு மை இல்லாமல் வெளியே கிளம்ப எனக்கே மனசு வராது. ஒரு பழக்கம் விருப்பமா அழுத்தமா என்று பிரித்துப் பார்க்க நான் வைத்திருக்கிற கேள்வி ரொம்பச் சின்னது: இதை ஒரு மாதம் செய்யாமல் விட்டால் என்ன நடக்கும்? பூ வைக்காமல் நான் ஆபீஸ் போனால் ஒன்றும் நடக்காது. ஆனால் உதட்டுக்கு மேலே இருக்கிற முடியை எடுக்காமல் ஒரு மாதம் இருந்தால் பேசும்போது எதிரில் இருப்பவர் கண் அங்கே போகும், யாராவது அக்கறையாக ஒரு பார்லர் பெயரைச் சொல்வார், வீட்டில் வரன் பார்க்கிற நேரமாக இருந்தால் அம்மாவே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார். செய்யாமல் இருப்பதற்கு விலை இருக்கிறது என்றால், செய்வதை முழு விருப்பம் என்று சொல்ல முடியாது.

அம்மாவை இங்கே குற்றவாளியாக நிறுத்தக் கூடாது. "வெயில்ல விளையாடாதே, கறுத்துப்போயிடுவே" என்று கத்துகிற அம்மாவுக்கு மகள் மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை. நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் சொஜ்ஜியும் பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பும் வழியில் என்ன பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியும், ஏனென்றால் அவரைப் பற்றியும் ஒரு காலத்தில் அப்படிப் பேசியிருக்கிறார்கள். மகள் அந்த விலையைக் கொடுக்கக் கூடாது என்ற பயம்தான் கடலை மாவாகவும் பயத்தம் மாவாகவும் குளியலறைக்கு வருகிறது. இந்த அழுத்தத்தைத் தருகிறவர் என்று ஒரே ஒரு ஆளைக் கை காட்ட முடியாது. பாசத்தோடு வருவது, கேலியாக வருவது, விளம்பரமாக வருவது, வேலை நேர்காணலில் வருவது எல்லாம் சேர்ந்ததுதான் இது.

நம் பேச்சைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அதிகமாக அலங்காரம் செய்துகொள்கிறவளுக்கு "மேனாமினுக்கி" என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். செய்துகொள்ளாமல் இருந்தால் "மூதேவி மாதிரி நிக்கிறா". முடியை விரித்து விட்டால் தலைவிரிகோலம், எண்ணெய் வைத்துப் படிய வாரினால் பட்டிக்காடு. ஒல்லியாக இருந்தால் ஒட்டடைக்குச்சி, கொஞ்சம் சதை போட்டால் பூசணிக்காய். மேனாமினுக்கிக்கு ஆண்பாலில் ஒரு சொல் தேடினால் "மைனர்" வரைக்கும் வரலாம், ஆனால் மைனர் என்று சொல்லும்போது பாதி ரசனையோடுதான் சொல்கிறோம்.

இதில் கவனிக்க வேண்டியது, இரண்டு பக்கமும் திட்டு இருக்கிறது என்பது. குறைந்தாலும் தப்பு, கூடினாலும் தப்பு. அப்படியானால் சரியான அளவு எது? அது எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. எழுதி வைத்திருந்தால் ஒரு தடவை அதை எட்டிப்பிடித்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடலாம். எழுதாமல் விட்டிருப்பதால்தான் ஒவ்வொரு நாளும் கண்ணாடி முன்னால் நின்று இன்றைக்கு இது போதுமா, இந்த இடத்துக்கு இது அதிகமா, இந்த ரவிக்கைக் கழுத்து இறக்கமா, மாமியார் என்ன சொல்வார், மேனேஜர் என்ன நினைப்பார் என்று புதிதாகக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. தோற்ற அழுத்தம் என்று நான் சொல்வது முக்கியமாக இந்தக் கணக்கைத்தான், பவுடரையும் லிப்ஸ்டிக்கையும் இல்லை.

அப்புறம், நம் ஊரில் பெண்ணின் தோற்றம் அவளுடையது மட்டும் இல்லை. அது வீட்டு வாசலில் தொங்குகிற பலகை மாதிரி. பொட்டு, பூ, வளையல், தாலி, மெட்டி இவற்றைப் பார்த்து அவள் யார் வீட்டுப் பெண், கல்யாணம் ஆனவளா, கணவன் இருக்கிறாரா என்று படித்துவிடுகிறார்கள். கணவன் இறந்தால் அவள் வாழ்நாள் முழுக்க வைத்த பூவையும் பொட்டையும் எடுக்கச் சொல்லும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் அலங்கரித்துக்கொள்ளச் சொல்வதும் கணவன் போன பிறகு அலங்கரிக்காதே என்று சொல்வதும் பார்ப்பதற்கு எதிரெதிராகத் தெரியும், ஆனால் உன் முகத்தில் என்ன இருக்க வேண்டும் என்று முடிவு பண்ணுகிறவர்கள் நாங்கள்தான் என்பது இரண்டிலும் ஒன்றுதான். பெரியார் பெண்கள் முடியைக் கத்தரித்துக்கொள்ள வேண்டும், நகை பூட்டிய பொம்மைகளாக இருக்கக் கூடாது என்று பேசிக்கொண்டே இருந்ததை இந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் அவர் எதற்காக அதில் அவ்வளவு பிடிவாதமாக இருந்தார் என்று புரியும்.

ஆண்களுக்கு இது இல்லையா என்றால், இருக்கிறது. வழுக்கை, குள்ளம், தொப்பை, கறுப்பு என்று அவர்களும் கேலியை வாங்குகிறார்கள், அந்தக் காயமும் உண்மையானதுதான். வித்தியாசம் என்னவென்றால் ஆணுக்கு வேறொரு வாசல் திறந்திருக்கிறது. "ஆம்பளைக்கு என்ன, நல்லா சம்பாதிச்சாப் போதும்" என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிடலாம். பெண் எவ்வளவு சம்பாதித்தாலும், எவ்வளவு படித்தாலும், அந்தப் பேச்சு முடிவதில்லை.

இதற்கு இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன். 2024 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தது. மாநிலத்திலேயே முதலிடம் ஒரு மாணவி, 98.5 சதவீதம். அவள் படம் வெளியானதும் சமூக ஊடகங்களில் கூட்டம் கூட்டமாக வந்து பேசியது அவள் மதிப்பெண்ணைப் பற்றி இல்லை, முகத்தில் இருந்த முடியைப் பற்றி. ஒன்றிரண்டு மதிப்பெண் குறைவாக எடுத்திருந்தால் இப்படி எல்லார் கண்ணிலும் பட்டிருக்க மாட்டேனே என்று அந்தக் குழந்தை பேட்டியில் சொன்னாள். படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்துப்போயிற்று. அதோடு நிற்கவில்லை, ஷேவிங் பொருள்கள் விற்கும் ஒரு நிறுவனம் அவளுக்கு ஆதரவு சொல்கிற மாதிரி அவள் பெயரைப் போட்டே ஒரு விளம்பரம் வெளியிட்டது. கேலி செய்தவனுக்கும் ஆறுதல் சொன்னவனுக்கும் பேச்சு அவள் மீசையைப் பற்றித்தான்.

இன்னொருவர் சாரதா முரளீதரன். 2024 செப்டம்பரில் கேரள அரசின் தலைமைச் செயலாளர் ஆனார், அதாவது ஒரு மாநிலத்தில் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவர் எட்டக்கூடிய உச்சப் பதவி. அவருக்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்தவர் அவர் கணவர் வேணு. 2025 மார்ச்சில் சாரதா ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு எழுதினார்: கணவரின் பணிக்காலம் எவ்வளவு வெள்ளையோ இவருடைய பணிக்காலம் அவ்வளவு கறுப்பு என்று யாரோ சொன்னார்களாம். அந்தப் பதிவில் அவர் நான்கு வயது நினைவு ஒன்றையும் எழுதியிருந்தார். என்னைத் திரும்பவும் உன் வயிற்றுக்குள் வைத்து வெள்ளையாக, அழகாக வெளியே கொண்டுவர முடியுமா என்று அம்மாவிடம் கேட்டாராம். நான்கு வயதில் கேட்டது, ஐம்பது வருஷம் தாண்டியும் மறக்கவில்லை. ஒரு மாநில நிர்வாகமே கையில் இருந்தபோதும் அந்தப் பேச்சு அவரை விட்டுப் போகவில்லை.

இப்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 1997-இல் பார்பரா ஃபிரெட்ரிக்சன், டோமி ஆன் ராபர்ட்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். தொடர்ந்து தன் உடம்பை வைத்தே மதிப்பிடப்படுகிற ஒரு பெண், கொஞ்ச காலத்தில் மற்றவர் கண்ணால் தன்னையே பார்க்கப் பழகிவிடுகிறாள், பார்க்கிற ஆள் எதிரில் இல்லாவிட்டாலும் அந்தப் பார்வை அவளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பது அதன் சாரம். மறு வருஷம் அவர்கள் வேறு சிலரோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். கல்லூரி மாணவ மாணவிகளைத் தனித்தனியாக ஒரு அறைக்குள் அனுப்பி, சிலருக்கு நீச்சல் உடை, சிலருக்கு ஸ்வெட்டர் போட்டுப் பார்க்கச் சொல்லி, அந்த உடையிலேயே ஒரு கணக்குத் தேர்வு எழுத வைத்தார்கள். அறையில் வேறு யாரும் இல்லை, ஒரு பெரிய கண்ணாடி மட்டும். நீச்சல் உடையில் இருந்த பெண்கள் ஸ்வெட்டர் போட்ட பெண்களைவிடக் குறைவாக மதிப்பெண் எடுத்தார்கள். ஆண்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஒரே ஒரு சோதனையை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது, ஆனாலும் அங்கே என்ன நடந்திருக்கும் என்று எந்தப் பெண்ணுக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது இடுப்புப் பக்கம் சேலை விலகியிருக்கிறதா என்று ஒரு கை தானாகப் போகிறதே, கூட்டத்தில் பேச எழுந்திருக்கும்போது முதலில் துப்பட்டாவைச் சரிசெய்துவிட்டு அப்புறம்தானே வாயைத் திறக்கிறோம், அதுதான். மனசில் ஒரு பங்கு எப்போதும் அந்தக் காவல் வேலையில் இருக்கிறது, மிச்சம் இருப்பதை வைத்துத்தான் மற்ற எல்லாம்.

காசு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியூயார்க் நகர நிர்வாகம் 2015-இல் ஒரே மாதிரியான பொருள்களில் ஆண்களுக்கானதையும் பெண்களுக்கானதையும் விலை ஒப்பிட்டுப் பார்த்தது. பெண்களுக்கானவை சராசரியாக 7 சதவீதம் அதிகம், ஷாம்பூ, ரேசர் மாதிரியான சொந்தப் பராமரிப்புப் பொருள்களில் 13 சதவீதம். பார்லர் செலவும் நேரமும் இதில் சேரவில்லை.

உடம்புக்கு வருகிற கேடு இதைவிடப் பெரிது. நிறத்தை மாற்றுவதாகச் சொல்லி விற்கிற சில க்ரீம்களில் பாதரசம் இருக்கிறது. அது தோலுக்கு நிறம் தருகிற மெலனின் என்ற பொருள் உருவாவதைத் தடுக்கும், அதனால் முதலில் முகம் வெளுத்த மாதிரி தெரியும், ஆனால் தோல் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். கேரளாவில் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு குறிப்பிட்ட சிறுநீரக நோயோடு வந்த 22 பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் ஓர் அபூர்வ வகை இருந்தது, அந்த 15 பேரில் 13 பேர் நிறம் மாற்றும் க்ரீம் போட்டவர்கள். இன்னொரு வகை, மருந்துக் கடையில் யாரோ சொன்னார்கள் என்று வாங்கிப் பூசுகிற ஸ்டீராய்டு க்ரீம்கள். முதல் சில வாரம் முகம் பளிச்சென்று இருக்கும், அப்புறம் தோல் மெலிந்து சிவந்து பரு கிளம்பும், நிறுத்தினால் இன்னும் மோசமாகும், பயந்துபோய்த் திரும்பவும் பூசுவார்கள். யாராவது இதைப் படித்துக்கொண்டே அப்படி ஒரு ட்யூபைக் கையில் வைத்திருந்தால் தயவுசெய்து ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள், நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம்.

இந்தப் பயத்தைச் சந்தை நன்றாகப் படித்து வைத்திருக்கிறது. ஃபேர் அண்ட் லவ்லி இந்தியாவில் 1975-இல் விற்பனைக்கு வந்தது. அதன் விளம்பரங்களில் கறுப்பான பெண்ணுக்கு வேலை கிடைக்காது, வரன் அமையாது, க்ரீம் பூசியதும் எல்லாம் கிடைத்துவிடும். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் தொடர்ந்து புகார் கொடுத்த பிறகு 2003-இல் அப்படிப்பட்ட சில விளம்பரங்கள் நின்றன. 2009-இல் சென்னையில் கவிதா இம்மானுவேலின் விமன் ஆஃப் வொர்த் அமைப்பு "டார்க் இஸ் பியூட்டிஃபுல்" இயக்கத்தைத் தொடங்கியது, 2014-இல் விளம்பரத் தர அமைப்பு கறுப்பான தோலைத் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று விதி கொண்டுவந்தது, 2020-இல் அந்த க்ரீமே குளோ அண்ட் லவ்லி என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதே ஆண்டில் ஒரு பெரிய மேட்ரிமோனி தளம் தோல் நிறத்தை வைத்துத் தேடுகிற வசதியை எடுத்தது. அந்தப் பெட்டி போய்விட்டது, பெண் பார்க்கிறவர்கள் இப்போது புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்கிறார்கள்.

வேலை இடத்திலும் இதே கதைதான். ஒரு காலத்தில் ஏர் இந்தியாவில் விமானப் பணிப்பெண்கள் 35 வயதில் ஓய்வு பெற வேண்டும், முதல் கர்ப்பத்திலேயே வேலை போய்விடும், அவர்களோடு பறக்கிற ஆண் பணியாளர்களுக்கோ 58 வயது வரை வேலை. நெர்கேஷ் மீர்சா என்ற பணிப்பெண்ணும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1981-இல் கர்ப்ப விதியை ரத்து செய்தது. இளமையும் கவர்ச்சியும் இந்த வேலைக்குத் தேவை என்று அந்த வழக்கில் நிர்வாகத் தரப்பில் வாதாடியிருக்கிறார்கள். எழுதாமல் விடுகிற விதி அபூர்வமாக ஒரு நீதிமன்றத்தில் வாய்விட்டுச் சொல்லப்பட்ட இடம் அது.

இதுவரை பெண்கள் என்று எழுதிக்கொண்டு வந்தாலும் தொடக்கத்தில் பெண்தன்மையோடு வாழ்கிறவர்கள் என்று சேர்த்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. திருநங்கைகளுக்கு இந்த அழுத்தம் இரண்டு மடங்கு. மற்றப் பெண்களிடம் நீ அழகா என்றுதான் கேட்கிறார்கள், திருநங்கையிடம் நீ பெண்ணா என்ற கேள்வியையே அவள் முகத்தை வைத்துத்தான் கேட்கிறார்கள். 2014-இல் உச்ச நீதிமன்றம் ஒருவரின் பாலினம் அவர் தன்னை உணர்வதுதான், அறுவை சிகிச்சை செய்திருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் வாடகைக்கு வீடு கேட்டுப் போகும்போது வீட்டுக்காரர் தீர்ப்பைப் படிப்பதில்லை, தாடையைப் பார்க்கிறார், குரலைக் கேட்கிறார். "பார்த்தா தெரியவே இல்லை" என்பது பாராட்டு, "பார்த்தாலே தெரியுது" என்பது சில தெருக்களில் அடி விழுவதற்கு முன்னால் வருகிற சொல். அதனால் லேசர் சிகிச்சைக்கும் ஹார்மோனுக்கும் அவர்கள் சேர்த்து வைக்கிற காசை ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஒவ்வொரு சித்திரையிலும் கூவாகம் திருவிழாவை ஒட்டி நடக்கிற மிஸ் கூவாகம் போட்டியின் படங்கள் பத்திரிகைகளில் பளபளவென்று வருகின்றன. அவர்களுக்கு வீடு கிடைக்காத செய்திக்கு அந்த இடம் கிடைப்பதில்லை.

கடைசியாக, நல்ல எண்ணத்தோடு நாம் சொல்கிற ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். "கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்று நம்மிடம் பழமொழி இருக்கிறது, கறுப்பும் அழகுதான் என்று சொல்வது அவசியம்தான், அதைக் கேட்டு வளர்கிற குழந்தைக்கு அது பெரிய பலம். ஆனால் அது தேர்வில் பாஸ் மார்க்கைக் குறைக்கிற மாதிரிதான், தேர்வு அப்படியே இருக்கிறது. பெண் என்றால் எப்படியாவது அழகாக இருந்தாக வேண்டும் என்பது அதற்குள்ளேயும் உட்கார்ந்திருக்கிறது. "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று சொல்கிறோமே, அந்த "இருந்தாலும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு குறையை முதலில் வைத்துவிட்டு அப்புறம் அதற்கு ஈடுகட்டுகிறோம். என்னைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள், பல வருஷம் அதைப் பாராட்டு என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

போன கோடையில் என் அக்கா மகள், எட்டு வயது, பள்ளியில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள் போல, என்னிடம் வந்து "சித்தி, நான் கறுப்பா?" என்று கேட்டாள். ஆனாலும் நீ அழகு, ஆனாலும் உன் கண்ணு இருக்கே என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. "ஆமாம்டா, நீயும் நானும் கறுப்புதான்" என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சரி என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள்.